பதினோரு விநாடி

திரையில் அவள் வாய் மூடியிருந்தது. உதடுகள் இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு 'ப' வெளியே வர மறுத்தது.

அவன் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டான். எட்டு விநாடி தள்ளி இன்னொரு கோடு.

நடுவில் இருந்ததை எடுத்தான்.

நான்காவது வெட்டு.

தங்கை கேட்டது இதையல்ல. "முன்னாடி நாற்காலி இழுக்குறதையும், கடைசியில பிள்ளைங்க எந்திரிச்சு ஓடுறதையும் மட்டும் வெட்டிருண்ணே" என்றுதான் எழுதிக் காட்டியிருந்தாள்.

விருதுநகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு மனு போட்டிருந்தாள். பாடம் நடத்தும் வீடியோ ஒன்று அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பத்து நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். பலகையில் எழுதுவது தெளிவாகத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டு முன்னறையில் டியூஷன் படிக்கும் ஒன்பது பிள்ளைகளை வைத்து நடத்தினாள். அவன் ஸ்டுடியோ கேமராவைக் கொண்டுவந்து, பலகையும் பிள்ளைகள் முகமும் தெரிய அறையின் ஓரத்தில் நின்று எடுத்தான். எட்டு நிமிடம்கூட வரவில்லை. எதையும் குறைக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் பிருந்தாவுக்குப் பேச்சு திக்கும். ஐந்து வயதிலிருந்து.

சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் வெட்ட உட்கார்ந்தான். அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்ய அவனால் முடியவில்லை.

கல்யாண வீடியோ வெட்டிப் பன்னிரண்டு வருடம் பழகிய கை. மறுபடி என்கோட் செய்து புது ஃபைலாக்கினால் சாக்பீஸ் எழுத்து மங்கிவிடும். அதனால் மூல ஃபைலை அப்படியே நறுக்கி, துண்டுகளை ஒட்டினான். அப்படிச் செய்தால் நினைத்த இடத்தில் வெட்டு விழாது. சில விநாடிக்கு ஒருமுறைதான் கேமரா முழுப் படமாகப் பதியும்; அந்த இடத்தில்தான் அடுத்த துண்டு தொடங்கும்.

நான்காவது வெட்டில் அப்படிக் கொஞ்சம் மிஞ்சியது. குனிந்திருந்த அவள் தலை.

அடுத்த இடத்துக்குத் தள்ளினான். எட்டு விநாடி பதினொன்று ஆனது. ஒரு பிள்ளை திரும்பி ஏதோ வாயசைத்தது. அதுவும் போனது. போகட்டும்.

பிருந்தாவைக் கூப்பிட்டான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

திரையில் ஒரு டீச்சர் எங்கும் தடங்கலில்லாமல் பேசினாள். பிள்ளைகள் தலையாட்டினார்கள். பலகையில் ஒவ்வொரு கோடும் துல்லியமாக இருந்தது.

"துளிகூட தரம் குறையல, பாத்தியா" என்றான்.

அவள் கடைசி வரை பார்த்தாள்.

"த... தர்ஷினி பேசுனது எங்கண்ணே?"

"எது?"

"பின்னம் சொல்லித் தர்ற எடத்துல."

"அங்க நீ..." நிறுத்திக்கொண்டான்.

"தெரியும். போடு."

மூல ஃபைலைத் திறந்தான். அந்த இடத்துக்குப் போனான். அவளே கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாள்.

நாலைந்து தடவை பார்த்த காட்சிதான். ஒவ்வொரு தடவையும் அவள் வாயை மட்டுமே பார்த்திருந்தான். இப்போது அவள் பக்கத்தில் நின்றதால் அந்த வாயைப் பார்க்கக் கூசியது. பார்வையைப் பிள்ளைகள் பக்கம் இறக்கினான்.

ஒருவன் முழங்காலைச் சொறிந்தான். ஒருத்தி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பலகையைப் பார்த்தபடி இருந்தார்கள்.

யாரும் சிரிக்கவில்லை.

ஒருவர் முகத்திலும் அவசரம் இல்லை. தண்ணீர் கொதிக்கக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆறாவது விநாடியில் ஓர் ஆண் குரல் கேட்டது.

"பின்னம்."

கேமராவுக்குப் பின்னாலிருந்து. எரிச்சலாக. பிடரியில் தட்டுவதுபோல்.

அவன் குரல்.

சொன்னது நினைவில்கூட இல்லை.

ஒன்பது தலைகளும் கேமராவைத் திரும்பிப் பார்த்தன. பிருந்தா அப்போதுதான் தலை குனிந்தாள். அதுவரை குனியவில்லை.

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, தர்ஷினி, நேராக லென்ஸைப் பார்த்துச் சொன்னாள்.

"மிஸ்ஸே சொல்லுவாங்கண்ணே."

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாதவருக்கு வழி சொல்வதுபோல் சொன்னாள்.

பிருந்தா நிமிர்ந்தாள். ஒரு மூச்சு விட்டாள். "பின்னம்" என்றாள். பாடம் தொடர்ந்தது.

அவன் படத்தை நிறுத்தினான்.

காது மடல்கள் சுட்டன. மருந்துக் கடையில், பஸ்ஸில் கண்டக்டரிடம், அவளுக்கு முன்னால் அவன் வாய் திறந்துவிடும். போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் அவளிடம்தான் பெயர் கேட்டார்கள். "பிருந்தா" என்று அவன் சொன்னான். "தங்கச்சிக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்றும் சேர்த்துச் சொன்னான். அவர்கள் போன பிறகு அவள் பாத்திரங்களை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள். உதவி செய்ததாகத்தான் அவன் நினைத்திருந்தான்.

வெட்டிய ஃபைலை அழித்தான். அழிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்றான்.

மூல ஃபைலில் முன்னால் நாற்காலி இழுப்பதையும், பின்னால் பிள்ளைகள் ஓடுவதையும் மட்டும் எடுத்தான். இரண்டே வெட்டு. நடுவில் கை வைக்கவில்லை.

ஓட்டிக் காட்டத் தேவையிருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

அவன் குரல் இன்னும் அதற்குள் இருந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் ஊமையாக்கலாம். படத்துக்கு ஒன்றும் ஆகாது. அனுப்புகிற இடத்தில் யாருக்கும் தெரியாது.

திரும்பாமலே கேட்டான்.

"என் குரல் அதுல வேணுமா, பிருந்தா?"

பிறகு திரும்பினான்.

அவள் கீழுதடு மேல் பல்லில் பதிந்திருந்தது. கழுத்து நரம்பு எழுந்தது.

"வே..."

வேணும் என்பதும் அந்த எழுத்தில்தான் தொடங்கும். வேணாம் என்பதும்.

"வே..."

இரண்டில் எது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கைகளை மடியில் வைத்துக்கொண்டான். அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.