எதிரி விமானமும் வாலாட்டிக் குருவியும்

அருங்காட்சியகத் தோட்டத்தில் ஒரு பழைய போர் விமானம் நின்றது. ‘எதிரியிடமிருந்து கைப்பற்றியது’ என்று அதன் முன்னால் பலகை வைத்திருந்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது.

குளிர்காலத்தில் மலை தாண்டி வந்த வாலாட்டிக் குருவிதான் முதன்முதலாக விசாரித்தது. “எப்படி மாட்டினாய்?”

“மூடுபனியில் வழி தவறி இங்கே இறங்கிவிட்டோம்,” என்றது விமானம். “என் விமானிக்கு நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. கையைக் கட்டி இழுத்துப் போனபோதும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். ஐம்பது வருஷமாகிறது. ஊர் போய்ச் சேர்ந்தானா, அதுகூடத் தெரியாது. நீ அந்தப் பக்கம்தானே போகிறாய்? கொஞ்சம் பாரேன்.”

குருவி போனது. அடுத்த குளிர்காலத்தில் திரும்பி வந்து இறக்கைமேல் உட்கார்ந்தது.

“இருக்கிறார். கிழவராகிவிட்டார், நெற்றியில் நீளமாகத் தழும்பு. அங்கேயும் இப்படி ஓர் அருங்காட்சியகம். இந்த நாட்டு விமானம் ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வாரம் தவறாமல் வந்து அதன் மூக்கைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.”

விமானத்துக்குச் சுருக்கென்றது. “அதையா? எதிரியையா?”

“‘என்னுடையதை அங்கே யார் தடவிக்கொடுக்கிறார்களோ’ என்று அதனிடம்தான் சொல்லி அழுகிறார்.”

“அந்த விமானம் ஏதாவது சொன்னதா?” என்று கேட்டது விமானம்.

“தன் விமானி இங்கே வருகிறாரா என்று பார்த்து வரச் சொன்னது. இடது காலைச் சற்று இழுத்து இழுத்து நடப்பாராம்.”

அன்று முதல், வாசலில் எந்தக் கிழவர் நுழைந்தாலும் விமானம் முதலில் அவர் காலைத்தான் பார்த்தது.