வெள்ளிக்கிழமை விருந்து

"வேற நாளே கிடைக்கலையாப்பா? வெள்ளிக்கிழமை கத்தோலிக்கங்க கறி தொட மாட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்தப் பொண்ணை வெள்ளிக்கிழமைதான் கூட்டிட்டு வரணும்" என்றார் ஹைரம் தாட்சர்.

ஜொசாயா கலங்கினான். ஐரிஷ் கத்தோலிக்கர்களை பாஸ்டனை விட்டே விரட்ட வேண்டும் என்று கிளம்பியிருந்த கட்சி, அப்பாவைத் தேர்தலில் நிறுத்தப் பார்த்தது. தாட்சர் வீட்டு விருந்து என்றால் மாட்டிறைச்சிதான். அவன் கட்டிக்கொள்ள நினைத்த ஐரிஷ் பெண் ஹொனோரா அதைச் சாப்பிட்டால் அவள் விரதம் போகும். மறுத்தால் கல்யாணமே போகும்.

வெள்ளிக்கிழமை வந்தது. மேஜை முன் ஹொனோரா தலைகுனிந்து உட்கார்ந்தாள். ஹைரம் தன் கையாலேயே பாத்திரத்தைத் திறந்தார்.

வேகவைத்த மீன். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு விலக்கில்லாதது.

"சாப்பிடும்மா. முள்ளு இருக்கும், பாத்து."

ஜொசாயா மீனையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏண்டா முழிக்கிற? உங்கம்மா என்னிக்காவது வெள்ளிக்கிழமை கறி சாப்பிட்டு நீ பாத்திருக்கியா?"

"அம்மாவுக்கு வயித்துவலின்னு..."

"வெள்ளிக்கிழமை மட்டும் வர்ற வயித்துவலியாடா? குடும்ப மானம் போயிடுமேன்னு நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னது அது. சாகுற வரைக்கும் அவ ஒளிஞ்சுதான் ஜெபம் பண்ணினா."

ஹொனோரா நிமிர்ந்தாள். "கட்சிக்காரங்க கேட்டா என்ன சொல்லுவீங்க, ஐயா?"

"குடும்பத்துல கத்தோலிக்கங்க யாரும் இல்லன்னு சத்தியம் வாங்க நாளைக்கு வர்றாங்க. 'பொண்டாட்டி ஒருத்தி இருந்தா, மருமக ஒருத்தி வரப்போறா, போயிட்டு வாங்க'ன்னு அனுப்பிடுவேன்."

ஒரு பெரிய துண்டு மீனை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"இந்த வீட்டுல நீ வயித்துவலின்னு சொல்ல வேண்டாம்மா."