இரண்டு வேதவல்லிகள்

கையில் எடுத்தால் படிக்கல் போலக் கனத்தது அந்தப் பழைய கேமரா. பிளாஸ்டிக் என்ற பேச்சுக்கே இடமில்லை. லென்ஸைக் கழற்றி மாற்ற முடியாது. ஆள் பெரிதாகத் தெரிய வேண்டுமானால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். தணிகாசலத்துக்கு அதுவும் பிடித்திருந்தது. கண் வைத்துப் பார்க்கும் துளை லென்ஸுக்கு மேலே தனியாக இருந்தது. அதற்குள் மனைவி வேதவல்லி இரண்டு பேராகத் தெரிவாள். வளையத்தை மெல்லத் திருகினால் ஒருத்தி நகர்ந்து வந்து மற்றவளோடு ஒட்டிக்கொள்வாள். அந்தக் கணத்துக்காகவே அவர் திருகிக்கொண்டிருப்பார்.

மருந்து ஏற்றி முடியெல்லாம் கொட்டியபோது, "இந்த மொட்டைத் தலையோட என்னைப் பிடிச்சு வெச்சுடாதீங்க" என்று அழுதாள். ஒரு வாரம் கழித்து என்ன தோன்றியதோ, தானே கேமராவைத் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு தினமும் அவளேதான் துடைத்துக் கொடுத்தாள். தினமும் ஒரு படம். முப்பத்தாறாவது படத்துக்குப் பிறகு அவள் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பின் ஸ்டூடியோவுக்குப் போனார். கழுவிய ஃபிலிமை ஸ்டூடியோக்காரர் வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு கட்டத்திலும் ஆளில்லை.

"லென்ஸ் மூடியைக் கழட்டாமலே எடுத்திருக்கீங்க சார். இதுல துளை வேற, லென்ஸ் வேற. எடுக்கறவருக்குத் தெரியாது. எதிர்ல உக்காந்திருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, ஒண்ணும் சொல்லலையா?"

தணிகாசலம் கேமராவைத் திருப்பிப் பார்த்தார். மூடி இறுகப் பொருந்தியிருந்தது.

"கேட்டா" என்றார். "ஒவ்வொரு தடவையும், நல்லா விழுந்திருக்கேனான்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா."