பதினொன்றாவது சத்தம்

“போன தடவை மாதிரி ‘எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ரெண்டு நாள் நான் பேசாம இருந்தது ஞாபகம் இருக்குல்ல?”

அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. சலூனைச் சாத்திவிட்டு, சட்டைக் காலரில் யாரோ ஒருவரின் முடியோடு மதியச் சாப்பாட்டுக்கு வந்தவனைக் கைகூடக் கழுவவிடாமல் மேஜைக்கு எதிரே உட்காரவைத்து, ஹெட்போனை நீட்டினாள் மனைவி.

“நான் முடி வெட்டறவன்மா. எனக்கு இதுல என்ன தெரியும்?”

“அதனாலதான் கூப்பிட்டேன். நாலு நாளா கேட்டுக் கேட்டு என் காது மரத்துப்போச்சு. நல்லது எது, நாராசம் எதுன்னே தெரியல. உங்க காதாவது புதுசா இருக்கும்.”

விஷயம் இதுதான். ஓர் இசையமைப்பாளருக்குப் புதுப் படத்தின் பாட்டு ஒன்றுக்கு டிரம் சத்தம் வேண்டும். அதற்கு டிரம்மும் கிடையாது, குச்சியும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தான். ஓர் ஒலி அலையை இன்னோர் அலையால் ஆட்டிவைத்தால் புதிதாக ஒரு சத்தம் பிறக்கும். அந்த ஆட்டம் சட்டென்று அடங்கினால் டிரம், இழுத்துக்கொண்டே போனால் மணி. நாலு தடவை அனுப்பி, நாலும் திரும்பி வந்துவிட்டன. இன்று மூன்று மணிக்குள் சரியானது வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். துணிக்கடை பில் கவுன்டர் வேலையை உதறிவிட்டு இதில் இறங்கியவளுக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு. இதுவும் போனால் மறுபடியும் கவுன்டர்தான்.

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். அவளும் தன்னுடையதை மாட்டிக்கொண்டு விசையைத் தட்டினாள். பிறகு ஒரு காதை மட்டும் தூக்கிக்கொண்டு ஆவலாகக் கேட்டாள்.

“எப்படி இருக்கு?”

அவன் முழித்தான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான்.

“ம்... இது வேண்டாம்.”

“ஏன்?”

“இதை அனுப்பினா உனக்கே ராத்திரி தூக்கம் வராது.”

அவள் அசந்துபோனாள். “ஆமாங்க. ஆரம்பத்துல ‘டிக்’குன்னு குத்துது இல்ல? நானும் அதைத்தான் நினைச்சேன்.”

“அதேதான்.”

ஆட்டிவைக்கும் அலையின் அளவைக் குறைத்துவிட்டு மறுபடி தட்டினாள்.

“பரவாயில்ல. ஆனா என்னமோ இடிக்குது” என்றான்.

“கடைசியில மணி மாதிரி ஒரு ரீங்காரம் ஒட்டிக்கிட்டு வருது. அதானே?”

“அதை எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்.”

“ஸ்க்ரீன்ல அலை ஓடுது, அதைப் பாருங்க. என் மூஞ்சியில என்ன இருக்கு?”

“அலையைப் பார்த்து எனக்கு என்ன புரியப்போகுது? உன்னையாவது பார்த்துக்கறேன்.”

“ரொம்ப வழியாதீங்க” என்று அடுத்ததற்குப் போனாள். ஆனாலும் உள்ளுக்குள் அவளுக்கு ஆச்சரியம்தான். இந்த மனுஷனுக்கு இவ்வளவு நுட்பமான காதா?

எட்டாவது சத்தத்துக்கு அவன் உதட்டைப் பிதுக்கினான். ஒன்பதாவதுக்கு, “கிட்ட வந்துட்டே” என்றான். பத்தாவதுக்கு, “முன்னாடி இருந்ததே தேவலை” என்றான். அவளும் முந்தையதற்கே திரும்பிப் போய், ஒலி கீழே இறங்கும் வேகத்தை மட்டும் மயிரிழை அளவு கூட்டினாள். மணி இரண்டு நாற்பது.

பதினொன்றாவது சத்தத்தைத் தட்டினாள்.

அவன் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். “இதுதான். அனுப்பு.”

“இன்னும் ஒரே ஒரு தடவை மாத்திப் பார்த்துட்டு...”

“தொடாத. போதும்னு தெரிஞ்சதும் கத்தரியைக் கீழ வச்சிடணும். அனுப்பு நீ.”

அனுப்பினாள். அவன் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“இத்தனை நாளா இதைத்தாம்மா கேட்டுக்கிட்டிருந்தேன்” என்றது இசையமைப்பாளரின் குரல். “மீதி ஏழு பாட்டுக்கும் நீங்களே பண்ணிடுங்க.”

போனை வைத்ததுதான் தாமதம், செருப்புக் காலோடு அவனை உள்ளே இழுத்து ஒரு சுற்று சுற்றினாள். நாற்காலி சாய்ந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

“எல்லாம் உங்க காதாலதான். இப்படி ஒரு காதை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்திருக்கீங்களே. மீதி ஏழுக்கும் நீங்கதான் வந்து உட்காரணும்.”

“சரி சரி, கடைக்கு நேரமாச்சு” என்று அவன் நழுவப் பார்த்தான்.

அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஹெட்போன் வயர்களைச் சுருட்டினாள். தன்னுடையதைக் கம்ப்யூட்டர் பக்கத்துப் பெட்டியிலிருந்து பிடுங்கினாள். அவனுடையதைப் பிடுங்க வேண்டியிருக்கவில்லை. அதன் முனை மேஜைக்கு அடியில் கிடந்தது. காலையில் தூசி தட்டும்போது அவளே கழற்றிப் போட்ட அதே இடத்தில்.

“ஏங்க, இது மாட்டவே இல்லையே. அப்போ என்னத்தைக் கேட்டீங்க?”

வாசற்படியில் நின்று அவன் தலையைச் சொறிந்தான். “ஒண்ணும் கேக்கலன்னு சொன்னா, மறுபடி ரெண்டு நாள் பேசமாட்டியோன்னு பயமா இருந்துச்சு. அதான் கடையில பண்றதையே பண்ணேன். அங்க எவன் வாயைத் திறந்து நல்லா இருக்குன்னு சொல்றான்? கண்ணாடியில அவன் மூஞ்சியைப் பார்த்துத்தான் கத்தரியை நிறுத்துவேன். பதினொண்ணாவதுக்குத்தான் உன் மூஞ்சி சிரிச்சுது.”