லாசர் சாரின் பேக்கன்

“டோனி, ஓவனை எத்தனை டிகிரியில வைக்கணும்ப்பா?”

அடுப்படியில் லாசர் சார் போனில் கேட்டது, கூடத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்த அழகுபாண்டியின் காதில் விழுந்தது. போன ஞாயிற்றுக்கிழமையும் இதே கேள்வி. அதற்கு முந்தின ஞாயிறும் இதே கேள்விதான். அவனுக்கு மனசு சங்கடப்பட்டது.

காலமெல்லாம் மிஷன் ஸ்கூலில் கணக்கு சொல்லிக்கொடுத்த மனுஷன். பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கச் சொல்லி, இதே அழகுபாண்டியின் காதைத் திருகியவர். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே ஒரு எண் நினைவில் தங்கவில்லை என்றால் யாருக்குத்தான் கஷ்டமாக இருக்காது?

ஒத்தக்கடையில் சாருக்குச் சொந்த வீடு. கீழே அழகுபாண்டி குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறான். மாடியில் சார் மட்டும்தான். சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் டோனி அயர்லாந்தில் வேலை பார்க்கிறான்.

போன லீவில் வந்த டோனிதான் ஓவன் வாங்கி வைத்து, பேக்கன் செய்யவும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். பேக்கன் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. உப்பில் பதப்படுத்தி, மெல்லிசாகச் சீவிய பன்றிக்கறி. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் சார் வீட்டில் பேக்கன்தான். அயர்லாந்தில் அப்போது காலை நேரம்.

அழகுபாண்டி வீட்டில் பன்றிக்கறி அடுப்பேறாது. ஆசைப்பட்டால் ஊருக்குப் போய்த் தோப்பில் தனிச் சட்டி வைத்துச் சமைக்க வேண்டும். அந்தச் சட்டிகூட வீட்டு வாசல் தாண்டக் கூடாது. அவன் மனைவி சத்யப்ரியா இந்த விஷயத்தில் படு கறார். அதனால் மாடியிலிருந்து வாசனை இறங்கும் முன்பே இவன் ஏறிவிடுவான். சார் ஒரு துண்டு கடிப்பார். மிச்சமெல்லாம் இவனுக்குத்தான்.

அந்த வாரத்தின் நடுவில் டோனி இவனைப் போனில் தனியாகக் கூப்பிட்டான்.

“அண்ணே, அப்பாவுக்கு மறதி வந்துருச்சோன்னு பயமா இருக்கு. வாரா வாரம் அனா ஆவன்னாவுல இருந்து சொல்லிக்குடுக்க வேண்டியிருக்கு. கேஸ், கரண்டுன்னு ஏதாவது ஆயிருச்சுன்னா? ஒரு முதியோர் ஹோம்ல சேத்துறலாமான்னு பாக்குறேன். கூட இருந்து பாத்துட்டு நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றபடி செய்யுறேன்.”

அழகுபாண்டிக்கு அதற்கப்புறம் வேலையே ஓடவில்லை. இந்த வீட்டை விட்டால் சார் என்ன ஆவார்? ஆனால் மறதிக்காரரைத் தனியாக விடச் சொல்லி, நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

அடுத்த ஞாயிறு கொஞ்சம் சீக்கிரமே மாடியேறி நேராக அடுப்படிக்குப் போனான். சார் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். தட்டில் ஃபாயில் தாளை விரித்தார். துண்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் அடுக்கினார். தட்டை ஓவனுக்குள் தள்ளி, குமிழைத் திருகிச் சரியாக இருநூறில் நிறுத்தினார். சுவிட்சைப் போடவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“டோனி, ஓவனை எத்தனை டிகிரியில வைக்கணும்ப்பா?”

அழகுபாண்டிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அங்கே ஒருத்தன் தூக்கம் கெட்டுக் கிடக்கிறான், இங்கே இவர் நாடகம் ஆடுகிறார்.

டோனி பொறுமையாக முதலிலிருந்து சொன்னான். சார் புதுசாகக் கேட்பதுபோல் எல்லாவற்றுக்கும் சந்தேகம் கேட்டார். சுவிட்சைப் போட்டபின், கறி நிறம் மாறுகிறதா என்று டோனி அடிக்கடி கேட்டுக்கொண்டான். நடுநடுவே அங்கே விடாமல் பெய்கிற மழை, மனைவி ஷெரினின் நைட் டூட்டி, தன் தலையில் முடி கொட்டுவது என்று பேச்சு எங்கெங்கோ போனது. சார் சிரித்துச் சிரித்துக் கேட்டார். இருபது நிமிஷத்தில் துண்டுகள் சுருண்டு சிவந்தன.

“எடுத்துருங்கப்பா. வச்சுர்றேன்” என்றான் டோனி.

போன் அணைந்ததுதான் தாமதம், அழகுபாண்டி பிடித்துக்கொண்டான்.

“எதுக்கு சார் இந்த நடிப்பு? நீங்களே டிகிரி வச்சதை நான் பாத்தேன். நீங்க இப்படிக் கேக்கப் போயி, உங்களுக்கு மறதின்னு தம்பி நெனச்சுட்டாரு. ஹோம்ல சேக்கலாமான்னு என்கிட்ட கேக்குறாரு.”

சாரின் முகம் செத்துப்போனது. பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அதைப் பார்த்ததும் இவனுக்குக் கோபம் இறங்கிவிட்டது. “இந்த ஓவன் சங்காத்தமே வேணாம் சார். அடுத்த வாரத்துல இருந்து நானே வாரேன். கடாயில போட்டு மொறுமொறுன்னு எடுத்துருவோம். அஞ்சு நிமிஷ வேலை.”

“ஆமா அழகு. கடாயில போட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுரும்.”

“நல்லதுதானே சார்?”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சும்மா கூப்பிட்டேன்னு வச்சுக்க, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டுட்டு வச்சுருவான். தப்புச் சொல்லல, அவனுக்கு வேலை அம்புட்டு. எனக்குத்தான் அவன் குரலைக் கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருக்கு. ஓவன்ல வச்சா, வேகுற வரைக்கும் லைன்லயே இருக்கான்ப்பா.”

அழகுபாண்டி கீழே இறங்கிவிட்டான். தட்டில் இருந்த பேக்கனை அன்றைக்கு அவன் தொடவே இல்லை.

சாயங்காலம் டோனி கூப்பிட்டான். “பாத்தீங்களாண்ணே? என்ன செய்யலாம்?”

“மறதியெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. ஹோம் பேச்சே எடுக்காதீங்க” என்றான் அழகுபாண்டி. “பேக்கன் போதும். அடுத்த வாரத்துல இருந்து அப்பாவுக்கு ஓவன்ல முழுக்கோழி வைக்கச் சொல்லிக்குடுங்க. அது வேக ஒண்ணரை மணி நேரம் ஆகுமாம்ல?”