வக்கீல் பேசவில்லை

நோய் அக்காவுக்கு. ஆனால் ரிசல்ட்டைக் கேட்டதும் முகம் வெளிறிப்போய் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது தங்கை.

“நானூத்திப் பன்னெண்டு” என்று டாக்டரம்மா இன்னொரு முறை சொன்னார். முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டிய எண் அது.

சினைப்பையில் புற்றுநோய் என்று ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து அக்கா தேறிவிட்டாள். நோய் திரும்புகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் இந்த ரத்தப் பரிசோதனை மட்டும் அவளைப் பேயாய்ப் பிடித்து ஆட்டியது. பஸ் நம்பர், வீட்டு நம்பர், எதைப் பார்த்தாலும் தன் எண்ணோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். போன தடவை பதினாறு இருபத்தொன்று ஆனதற்கே சாப்பாடும் தூக்கமும் போயின. அந்த அளவு ஏற்ற இறக்கம் சகஜம் என்று டாக்டரம்மா எவ்வளவோ சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

தங்கைதான் சண்டைக்கு வந்தாள். நோயைவிட இந்த டெஸ்ட்தான் அக்காவைக் கொல்கிறது, நிறுத்தித் தொலையுங்கள் என்றாள். ஜலதோஷத்துக்குக்கூட மாத்திரை போடாத உடம்பு அவளுக்கு. அக்காவிடம் எதைக் கேட்டாலும் இவள் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். டாக்டரம்மா அவளுக்கு வைத்த பெயர் வக்கீல்.

இன்று வக்கீல் வாயையே திறக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு அது என்னவோ போலிருந்தது.

“எப்பவும் இங்கேதானே ரத்தம் குடுப்பீங்க? இந்தத் தடவை ஏன் வெளி லேப்?”

வீட்டுக்குப் பக்கம் என்று அக்கா முனகினாள். லேப் மாறினால் எண் கொஞ்சம் முன்னே பின்னே வரும்தான், இவ்வளவு வராது. டாக்டரம்மா அவளைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

“வயிறு உப்பின மாதிரி இருக்கா? ரெண்டு வாய் சாப்பிட்டதும் நிறைஞ்சுடுதா?”

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். தங்கை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவுக்குப் பாவமாகிவிட்டது. இந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட மாட்டோம், வேறு காரணங்களாலும் ஏறலாம், முதலில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று நிதானமாக விளக்கினார். பிறகு தங்கையின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“வக்கீலம்மா, நீங்களே இப்படி இடிஞ்சுபோனா அக்காவுக்கு யார் தைரியம் சொல்றது?”

அக்கா கட்டிலைவிட்டு இறங்கி வந்து, தங்கையின் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். தன் எண்ணை நினைத்துக் கலங்கிய நாட்களில்கூட அக்கா இவ்வளவு பயந்ததில்லை.

“ஸ்கேன் எனக்கில்ல டாக்டர்” என்றாள். “பயந்துக்கிட்டு நான் லேப் பக்கமே போகலை. என் பேர்ல ரத்தம் குடுத்தது இவ.”