எதிர் ஓட்டு

விஸ்கான்சின் சிற்றூர்த் தேவாலயத்தின் நிலவறை வாக்குச்சாவடியில் கருகிய காபி வாடை. சன்னல் வழியே நவம்பரின் சாம்பல் வெளிச்சம். டெரிக்கை அவன் பிறந்ததிலிருந்து தெரியும் என்றாலும் வாக்காளர் பட்டியலோடு அமர்ந்திருக்கும் வெர்னா சட்டப்படி கேட்கிறாள்: "பேரும் விலாசமும் சத்தமாச் சொல்லுப்பா." டெரிக் சொல்கிறான். அவன் பெயருக்குக் கீழே, மார்ச்சில் இறந்த மனைவி ஹெய்டியின் பெயரை இன்னும் யாரும் நீக்கவில்லை. "ஆறு வருஷமா உன் ஓட்டை அவளோட எதிர்க்கட்சி ஓட்டு தின்னுச்சு. ரெண்டு பேரும் வீட்லயே கிடங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்! இப்பத்தான் உன்னுது நிக்கப்போகுது" என்ற வெர்னா நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். மறைப்புக்குள் அவன் கை பழக்கப்படி வாக்குத்தாளில் குடியரசுக் கட்சியின் வட்டங்களைக் கருப்பாக்குகிறது. எண்ணும் இயந்திரம் வரை போனவன் தாளைப் போடாமல் திரும்பி வருகிறான். "தப்பாப் போட்டுட்டேன். வேற தாள் குடுங்க." "வழக்கமாப் போடுறதுதானே, அதுல என்ன தப்பு?" அவன் தாளை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போகிறான். புதுத் தாளில் ஜனநாயகக் கட்சியின் வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று அவன் தேட வேண்டியிருக்கிறது.